சித்தூர் மழையும் காதங்கி ரேடாரும்



நான் வளர்ந்தது திருவலம் பக்கம். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அங்குள்ள இரும்புப் பாலம் தெரிந்திருக்கும். பாலத்துக்குக் கீழே ஓடுவது பொன்னையாறு. ஓடுவது என்று ஒரு மரியாதைக்காகச் சொல்கிறேன். ஆண்டில் பத்து மாதம் அங்கே மணல்தான் இருக்கும். நாங்கள் பந்து விளையாடுவோம், ஊற்றுத் தோண்டுவோம். ஓர் ஐப்பசி மாதத்தில், வானம் நன்றாக வெளுத்திருந்த காலை நேரத்தில், மணலில் விளையாடிக்கொண்டிருந்த எங்களைக் கரையிலிருந்த பெரியவர் ஒருவர் கூச்சலிட்டு மேலே ஏறச் சொன்னார். ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "சித்தூர்ல ராத்திரி பேஞ்சிருக்குடா." அரை மணி நேரத்தில் செந்நிறத் தண்ணீர் கரையைத் தொட்டது.

சித்தூரில் பெய்ததை அவர் எப்படி அறிந்தார்? இரவு முழுவதும் வடமேற்கில் மின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். சித்தூர் நகரை ஒட்டி ஓடும் நீவா ஆறுதான் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் பொன்னை என்று பெயர் மாறிப் பாலாற்றில் கலக்கிறது. மின்னலைப் பார்த்தார், ஆற்றின் வழியை அறிந்திருந்தார், கணக்குப் போட்டுவிட்டார். இன்று அதே கணக்கைப் போடுவதற்கு அந்தப் பகுதியிலேயே ஒரு பெரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கும் திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் ஆய்வு மாணவர்கள் பல ஆண்டுகளாகக் காற்றையும் மழைத்துளியையும் அளந்து வருகிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் இப்போது பட்ட மேற்படிப்புக்கு என்ன எடுக்கலாம் என்று யோசிக்கும் வயதில் இருப்பதால், இந்த இதழின் பாடமாக அதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். தமிழ்நாட்டு வரைபடத்தின் வடக்கு ஓரத்தில் வேலூர், இராணிப்பேட்டை, திருவள்ளூர் என்று வரிசையாகப் பாருங்கள். அதற்கு மேலே உள்ளதுதான் பழைய சித்தூர் மாவட்டம். 1911-இல் வட ஆற்காட்டிலிருந்து சில தாலுகாக்களைப் பிரித்து, கடப்பையிலிருந்தும் சிலவற்றைச் சேர்த்து உருவாக்கிய மாவட்டம் அது. பின்னர் எல்லைத் தகராறு வந்ததும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. மனிதர்கள் போட்ட கோடுகள் இவ்வாறு பலமுறை மாறியிருக்கின்றன. தண்ணீர் போகும் வழி மட்டும் மாறவில்லை. நீவா பொன்னையாகி பாலாற்றுக்கு வருகிறது. நகரியாறு கொசஸ்தலையாற்றில் கலந்து பூண்டி ஏரிக்கு, அதாவது சென்னையின் குடிநீருக்கு, வருகிறது. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் ஆரணியாறு பொங்குகிறது. ஆகவே சித்தூர் வானத்தில் நடப்பது தெலுங்கு நாட்டுச் செய்தி மட்டுமன்று. நம் ஊர்களின் செய்தியும்தான்.

அந்தப் பகுதிக்கு இரண்டு மழை. ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம். தென்மேற்குப் பருவக் காற்று கேரளத்தில் தன் ஈரத்தைப் பெரும்பாலும் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து உலர்ந்தே இங்கு வருகிறது. பகலில் நிலம் கொதித்து, சூடான காற்று மேலெழும்பி, மாலையிலும் இரவிலும் இடியோடு கொட்டும் மழை அது. வடகிழக்குப் பருவமழை வேறு வகை. வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று நேரே வரும். புயல் அல்லது காற்றழுத்தத் தாழ்வு வந்தால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இனி காதங்கிக்குப் போவோம். திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ நடுவழியில், பாகாலா ரயில் சந்திப்புக்கு அருகில் உள்ள சிற்றூர் காதங்கி. சுற்றிலும் குன்றுகள். நகரங்களின் வானொலி இரைச்சலை அந்தக் குன்றுகள் மறைத்துவிடுவதால், மிக மெல்லிய எதிரொலியையும் கேட்க வேண்டிய ஒரு கருவிக்கு ஏற்ற இடம் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கு தேசிய எம்.எஸ்.டி. ரேடார் நிலையம் எழுந்தது. கருவியை வடிவமைத்துக் கட்டியது மும்பையைச் சேர்ந்த 'சமீர்' என்ற அரசு நிறுவனம். 2005 முதல் அந்த நிலையம் இந்திய விண்வெளித் துறையின் கீழ் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் என்ற பெயரில் இயங்குகிறது.

ரேடார் என்றதும் விமான நிலையத்தில் சுழலும் தட்டு நம் நினைவுக்கு வரும். காதங்கியில் அப்படி எதுவும் சுழலவில்லை. 130 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மைதானம். அதில் வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில் 1,024 ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பெற்றோர்களுக்கு இந்த ஆன்டெனா பழைய நண்பர். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடியில் மீன்முள் போல நின்றதே, காக்கை உட்கார்ந்து திருப்பிவிட்டால் ஒளியும் ஒலியும் போய்விடுமே, அதே யாகி வகைதான். (கடற்கரை ஊர்க்காரர்கள் அதை ரூபவாஹினிக்காகத் தெற்கே திருப்பி வைத்த கதை தனி.) அங்கே படுக்கையாக இருந்ததை இங்கே நிமிர்த்தி, ஒன்றுக்கு இரண்டாகக் குறுக்கே பொருத்தியிருக்கிறார்கள்.

சுழலாத கருவி எப்படித் திசை திரும்பும்? நம் ஊர்த் தேரை நினைத்துப் பாருங்கள். இரு வடத்தையும் ஒரே வேகத்தில் இழுத்தால் தேர் நேரே போகும். ஒரு பக்கத்தார் சற்றுத் தாமதித்தால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். அதே போல 1,024 ஆன்டெனாக்களும் ஒரே கணத்தில் அலையை அனுப்பினால் கற்றை நேர் மேலே செல்கிறது. ஒரு பக்கத்து வரிசைகளுக்கு அலையை மிகச் சிறிது தாமதித்துக் கொடுத்தால் கற்றை அந்தப் பக்கம் சாய்கிறது. நேர் மேலே ஒன்று. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று பத்து பாகை சாய்த்து நான்கு. ஒரு திருகாணியும் அசையாமல் ஐந்து திசைகளையும் மாறி மாறிப் பார்த்துவிடலாம்.

பார்ப்பது எதை? இதுதான் மாணவர்கள் வியக்க வேண்டிய இடம். சாதாரண வானிலை ரேடார் மழைத்துளியைப் பார்க்கும். காதங்கி ரேடாரோ மேகமே இல்லாத வெறுங்காற்றைப் பார்க்கும். சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைக் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலப்பதால் ஒளி வளைந்து நெளிகிறது. அதே போன்ற கலக்கம் வானத்தின் எல்லா உயரங்களிலும் ஓயாமல் நடக்கிறது. ரேடார் அனுப்பும் அலையின் நீளம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதி, அதாவது மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவான அளவுள்ள சுழிப்புகள், அந்த அலையில் மிகச் சிறு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. பதினைந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து எதிரொலி வந்து சேரப் பத்தாயிரத்தில் ஒரு நொடி ஆகும். வரும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடலாம்.

காற்றின் வேகத்தை அறிய ரயில் ஊதலின் தத்துவம் உதவுகிறது. பாகாலாவில் நிற்காமல் ஊதிக்கொண்டே கடக்கும் ரயிலின் ஒலி, நெருங்கும்போது கீச்சென்றும் விலகும்போது கட்டையாகவும் கேட்கும். நம்மை நோக்கி வரும் காற்றிலிருந்து திரும்பும் அலைக்கும் அதே மாற்றம் உண்டு. ஆனால் எவ்வளவு மாற்றம்? ரேடார் நொடிக்கு 5 கோடியே 30 லட்சம் முறை அதிரும் அலையை அனுப்புகிறது. காற்று நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் நெருங்கினால் திரும்பி வரும் அலையில் மூன்றரை அதிர்வுதான் கூடும். ஐந்தேகால் கோடியில் மூன்றரை! இதைக் கண்டுபிடிக்க நொடிக்குச் சுமார் ஆயிரம் துடிப்புகளை அனுப்பி, வரும் எதிரொலிகளையெல்லாம் கணினியில் கூட்டிக் கூட்டிச் சேர்க்கிறார்கள். தற்செயலான இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உண்மையான எதிரொலி வளரும். சந்தைக் கூச்சலில் ஒருவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நம் காதில் விழுந்துவிடுகிறதே, அதுபோல.

எம்.எஸ்.டி. என்ற மூன்று எழுத்துக்களும் வளிமண்டலத்தின் மூன்று அடுக்குகளைக் குறிக்கின்றன: நாம் வாழும் கீழடுக்கு, அதற்கு மேல் மீளடுக்கு, அதற்கும் மேல் இடையடுக்கு. இருபது கிலோமீட்டர் வரையிலும் அதற்குச் சற்று மேலும் காற்றை இந்த ரேடார் நன்றாக அளக்கும். அறுபதுக்கு மேல் பகல் நேரத்தில் எதிரொலி கிடைக்கும். இடைப்பட்ட இடம் அதற்குக் குருடு; அதற்காக ஜப்பானியர் ஒத்துழைப்புடன் 1998-இல் லேசர் ஒளியால் அளக்கும் லைடார் வைத்தார்கள். தரையை ஒட்டிய மூன்று கிலோமீட்டரும் பெரிய ரேடாருக்கு எட்டாது. அதற்கு 1997-இல் ஒரு சிறிய ரேடார் வந்தது. எந்தக் கருவியும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை என்பதை மேற்படிப்பு மாணவர் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்கிறார்.

ஆடி மாதத்தில் அந்த ரேடார் காட்டும் படம் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. தரையில் அம்மியே பறக்கும் மேற்குக் காற்று. மேலே போகப் போக அது தளர்ந்து, நின்று, திரும்பி, பதினைந்து பதினாறு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஒரு காற்றாறாக இருக்கும். இந்தக் கீழைக்காற்றுப் பாய்ச்சலை விரிவாக விளக்கி 1958-இல் எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அவர் காலத்தில் பலூன் பறக்கவிட்டு ஒரு நாளைக்குச் சில முறைதான் அளக்க முடிந்தது. காதங்கியில் அது நிமிடக் கணக்கில் மாறுவதையும் பார்க்கிறார்கள். சிறுவர்கள் ஆடிக் காற்றில் பட்டம் விடும்போது, தலைக்கு மேலே வெகு உயரத்தில் நேர் எதிராக ஓர் ஆறு ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

திருப்பதிப் பல்கலைக்கழகம் 1954-இல் தொடங்கியது. தமிழ்த்துறையும் அங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. காதங்கி ரேடார் வந்தபின், அதன் அளவீடுகளைப் பயன்படுத்துவதற்கென்றே பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியோடு ஒரு மையம் அங்கு அமைந்தது. இயற்பியல் படித்த மாணவர்கள் காற்றுக் கொந்தளிப்பு, இடிமேகம், வளிமண்டல அலைகள் என்று ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறார்கள். அவற்றில் வீட்டுச் சமையலறைக்கும் கொண்டுவரக்கூடிய ஒன்றை மட்டும் இங்கே விரிப்பேன். அது மழைத்துளியின் பருமன்.

'ஒரு துளி எவ்வளவு பெரியது என்று அளந்து என்ன ஆகப்போகிறது? இதற்கா டாக்டர் பட்டம்?' என்று நம் வீட்டில் யாராவது கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். விடைக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

வானிலை ரேடார் ஒரு மேகத்தைப் பார்த்து, இவ்வளவு மழை பெய்கிறது என்று எப்படிச் சொல்கிறது? துளிகளிலிருந்து திரும்பும் எதிரொலியின் வலிமையைக் கொண்டுதான். அந்த வலிமை துளியின் விட்டத்தின் ஆறாவது அடுக்கைப் பொறுத்தது. துளியிலுள்ள தண்ணீரோ விட்டத்தின் மூன்றாவது அடுக்கைப் பொறுத்தது. இப்போது 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பெருந்துளியை எடுங்கள். 2 மில்லிமீட்டர் துளிகள் எட்டை இன்னொரு பக்கம் வையுங்கள். தண்ணீர் அளவு: 4 × 4 × 4 = 64; எட்டுத் துளிகளுக்கு 8 × (2 × 2 × 2) = 64. இரண்டும் சமம். எதிரொலி: பெருந்துளிக்கு நான்கை ஆறு முறை பெருக்கினால் 4,096, சிறு துளி ஒன்றுக்கு 64, எட்டுக்கு 512. அதே தண்ணீர்தான், ஆனால் ரேடாருக்குப் பெருந்துளி எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரிகிறது!

அப்படியானால் எதிரொலியை மழையாக மாற்றும் சூத்திரம் எழுத, எந்தப் பருமனில் எத்தனை துளிகள் விழுகின்றன என்று தெரிந்தாக வேண்டும். இதை முதலில் சரியாகச் செய்தவர்களில் ஒருவர் ஒரு மாணவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்ஷலும் அவருடைய ஆய்வு மாணவர் பால்மரும் சாயம் தடவிய வடிதாள்களை மழையில் நீட்டி, விழுந்த கறைகளை அளந்து எண்ணினார்கள். 1948-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகெங்கும் ரேடார்காரர்கள் படிக்கும் பாலபாடமாகிவிட்டது. விலை உயர்ந்த கருவி எதுவுமில்லை. தாளும் சாயமும் பொறுமையும்தான்.

ஆனால் மான்ட்ரியால் மழையும் சித்தூர் மழையும் ஒன்றா? காதங்கியில் இதற்கென்று துளிமானி என்ற கருவியை வைத்தார்கள். உள்ளங்கை அளவான ஒரு தட்டில் துளி மோதும்போது அந்த மோதலை மின்துடிப்பாக மாற்றி, துளியின் பருமனை இருபது வகுப்புகளாகப் பிரித்துக் கணக்கெழுதும் கருவி அது. 1990களின் பிற்பகுதியிலிருந்து பல பருவங்களுக்குத் துளிகளை எண்ணியபோது ஒரு செய்தி தெளிவாயிற்று. ஒரே அளவு மழை பெய்தாலும், தென்மேற்குப் பருவத்தில் பெருந்துளிகள் அதிகம். வடகிழக்குப் பருவத்தில் சிறுதுளிகள் அதிகம். அதாவது மான்ட்ரியாலும் சித்தூரும் வேறு என்பது ஒருபுறமிருக்க, சித்தூரின் ஆவணி மழையும் சித்தூரின் கார்த்திகை மழையுமே வேறு.

காரணத்தை முன்னரே பாதி சொல்லிவிட்டேன். தென்மேற்குப் பருவத்தில் மேகத்துக்குக் கீழே காற்று உலர்ந்து கிடக்கிறது. பொடித் துளிகள் தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடுகின்றன; தப்பி வருபவை பருத்தவை. வெயிலால் எழும் இடிமேகத்தில் மேல்நோக்கிய காற்று வலிமையாக இருப்பதால், துளிகள் நீண்ட நேரம் உள்ளேயே சுற்றி ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெருக்கின்றன. கார்த்திகையில் கடற்காற்றின் ஈரம் தரைவரை நிறைந்திருப்பதால் சிறுதுளியும் பிழைத்து வந்துசேர்கிறது. 'சடசட' என்று அடிக்கும் மழை, 'சோ'வென்று பெய்யும் மழை என்று நம் பாட்டிமார் பிரித்துச் சொன்னதற்குள் இந்தச் செய்தி இருந்திருக்கிறது.

இனி ஆபத்துக்கு வருவோம். ஆவணிக்குப் பொருந்தும் சூத்திரத்தை ஒருவர் கார்த்திகைக்கும் போட்டுவிட்டார் என்று வையுங்கள். கார்த்திகை மழையில் துளிகள் சிறியவை, எதிரொலி மங்கல். ரேடார் 'மிதமான மழை' என்று சொல்லும். தரையில் அதைவிட அதிகமாகப் பெய்துகொண்டிருக்கும். அதுவும் எந்தப் பருவத்தில்? ஏரிகள் நிரம்பி, மண் ஊறி, அணைகள் தளும்பி நிற்கும் பருவத்தில். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இயங்கிய டாப்ளர் வானிலை ரேடாரும், ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ளதும் இந்தப் பகுதியைப் பார்ப்பவை. அவற்றின் படத்தை மழை அளவாக மாற்றுகிறவர்களுக்கு, காதங்கியில் எண்ணிய துளிகள் நேரடியாக உதவக்கூடியவை. துளியை அளப்பதற்கு ஏன் பட்டம் என்ற கேள்விக்கு இதுவே என் விடை.

2021 நவம்பரை நினைவுபடுத்துகிறேன். நம்மில் பலர் அந்த வாரம் முழுவதும் தொலைபேசியும் கையுமாக இருந்தோம். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நவம்பர் 19 அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. புயல் என்ற பெயர்கூட அதற்கு இல்லை. முந்தைய ஆண்டு நிவர் புயலுக்குக் காட்டிய பரபரப்பை இதற்கு மக்கள் காட்டவில்லை. காற்று பெரிதாக இல்லை, மழைதான். கிழக்கிலிருந்து வந்த ஈரக்காற்று சேஷாசலம் மலைத்தொடரில் மோதி மேலேறியது. மேலேறும் காற்று குளிரும், குளிர்ந்தால் ஈரம் நீராகும். மலையே மேகத்தைப் பிழிந்துவிட்டது எனலாம். திருமலைக்குச் செல்லும் மலைச்சாலைகளில் மண்ணும் பாறையும் சரிந்தன. கபில தீர்த்தத்து அருவி சீறி விழுந்தது. சந்திரகிரிப் பக்கத்தில் தோன்றித் திருப்பதியின் ஓரமாக ஓடும் ஸ்வர்ணமுகி, பல ஆண்டு மணலாகக் கிடந்தது, கரையை உடைத்துக்கொண்டு தெருக்களுக்குள் வந்தது.

மலையின் மறுபக்கத்தில் நடந்தது இன்னும் கொடியது. சித்தூர் மேட்டு நிலத்திலிருந்து இறங்கும் பாஹுதா, பிஞ்சா என்ற இரு சிற்றாறுகள் சேர்ந்து செய்யாறு ஆகின்றன. (நம் திருவண்ணாமலைச் செய்யாறு வேறு, இது வேறு.) முதலில் பிஞ்சா அணை உடைந்தது. அந்த வெள்ளமும் சேர்ந்து வந்து 19-ஆம் தேதி காலையில் ராஜம்பேட்டை அருகே அன்னமய்யா அணையின் மண்கரையை அரித்துக்கொண்டு போனது. கீழே ஆற்றோரம் இருந்த சிற்றூர்களில் வீடுகளும் மாடுகளும் போயின. பல உயிர்கள் போயின. அன்று கார்த்திகைப் பௌர்ணமி. அதிகாலை பூசைக்கு ஆற்றங்கரைச் சிவன் கோயிலில் கூடியிருந்தவர்களையும் வெள்ளம் சூழ்ந்தது.

இரண்டு நாள் கழித்து, திருப்பதிக்கு அருகே ராமச்சந்திராபுரம் பக்கத்திலுள்ள ராயல செருவு ஏரியின் கரையில் கசிவு தெரிந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்லப்படும் மிகப் பெரிய ஏரி அது. உடனே கீழே இருந்த ஊர்களை எல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். மக்கள் மேட்டுக்குப் போனார்கள். மணல் மூட்டை போட்டுக் கசிவை அடைத்தார்கள். கரை தாங்கியது. ஒரே வாரத்தில் ஒரே மழையில் நடந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்னமய்யா அணைக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கிடைக்காத சில மணி நேரம், ராயல செருவுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கிடைத்தது. ஆய்வு என்று மாணவர்கள் இரவு பகலாகச் செய்வது இந்தச் சில மணி நேரத்தைச் சம்பாதிப்பதற்குத்தான்.

ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ரேடார் எவ்வளவு சரியாகச் சொன்னாலும், இரவு ஒரு மணிக்கு அணையின் மேல் நிற்கும் ஆளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். அவரிடமிருந்து ஆற்றோரத்து ஊருக்குப் போக வேண்டும். என்னுடைய திருவலத்துப் பெரியவரிடம் கருவி இல்லை, குரல் இருந்தது. இன்று கருவி இருக்கிறது, குரல்தான் சில இடங்களில் குறைகிறது என்பது என் எண்ணம். இது இயற்பியல் துறை மட்டும் தீர்க்கும் சிக்கலும் அல்ல. புவியியல், கட்டடப் பொறியியல், சமூகவியல் என்று எந்தத் துறையில் சேரும் மாணவருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஏரிக் கால்வாய் எங்கே தூர்ந்தது, எங்கே வீடாகியது என்று செயற்கைக்கோள் படத்தில் தேடுவதும் ஓர் ஆய்வே. அந்தப் பகுதி வெள்ளத்தைவிட வறட்சியையே அதிகம் கண்டது என்பதையும் மறக்கக்கூடாது. ஆயிரம் அடிக்கும் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் காணாத வேர்க்கடலை விவசாயிகளின் நாடு அது. வெள்ளமாய்ப் போன அந்தத் தண்ணீரில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது என்று கேட்கும் மாணவரும் வேண்டும்.

பெரிய ரேடாரையும் பின்னாளில் புதுப்பித்துவிட்டார்கள். முன்பு 32 பெரிய அலைபரப்பிகள் 1,024 ஆன்டெனாக்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தன. இப்போது ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனித்தனியே ஒரு சிறிய கருவி. ஒன்று பழுதானாலும் மற்றவை வேலை செய்யும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் கிளம்பும் நாட்களில் மேல்காற்று எப்படி இருக்கும் என்று கணித்துச் சொல்வதிலும் காதங்கிக்குப் பங்கு உண்டு.

இனி வீட்டுப் பாடம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பென்ட்லி என்ற விவசாயி இருந்தார். பனித்துகள்களைப் படம் பிடித்துப் புகழ் பெற்றவர். அவர் 1904-இல் மழைத்துளியை மாவினால் அளந்து ஒரு கட்டுரை எழுதினார். அதையே நாமும் செய்யலாம். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஓர் அகலத் தட்டில் நன்றாகச் சலித்த மைதா மாவை ஓர் அங்குல உயரத்துக்கு, அழுத்தாமல், பரப்புங்கள். மேலே மூடி போட்டு மழைக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து மூன்று நான்கு எண்ணும் வரை காட்டி உடனே மூடிவிடுங்கள். அதிக நேரம் வைத்தால் துளிமேல் துளி விழுந்து களியாகிவிடும்; முதல் தடவை எனக்கு அதுதான் ஆயிற்று, மாவும் வீண், திட்டும் கிடைத்தது. தட்டை ஓர் இரவு அப்படியே காயவிட்டு, மறுநாள் சல்லடையில் மெல்லச் சலியுங்கள். துளி விழுந்த இடமெல்லாம் சிறு உருண்டையாகத் தங்கும். உருண்டையின் அளவு ஏறக்குறைய துளியின் அளவுதான். அளவுகோலை வைத்து ஒரு மில்லிமீட்டர், இரண்டு, மூன்று, நான்கு என்று குவியலாகப் பிரித்து எண்ணுங்கள்.

ஒரு முறை கோடைக்கால இடிமழையிலும், ஒரு முறை நாள் முழுவதும் தூறும் மழையிலும் செய்து, தேதி, நேரம், ஊர், உருண்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வையுங்கள். கூடவே இந்தக் கணக்கையும் போடுங்கள்: 3 மில்லிமீட்டர் துளி ஒன்றிலும் 1 மில்லிமீட்டர் துளிகள் 27-இலும் ஒரே அளவு தண்ணீர்தான். ரேடாருக்கு எது, எத்தனை மடங்கு பிரகாசமாகத் தெரியும்? விடையையும் உருண்டைக் கணக்கையும் தமிழில் எழுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள். எந்தெந்த ஊரில் என்ன மழை பெய்தது என்று அடுத்த இதழில் ஒரே அட்டவணையாகப் போடுவோம்.